‘நாம்’ என்பதில் மெக்கானிக்குக்கு இடம் உண்டா?

விமானத்தைப் பற்றி நம் இலக்கிய நண்பர்கள் பேசத் தொடங்கினால் பேச்சு உடனே மேகத்துக்கு மேலே போய்விடுகிறது. பிறகு அதைத் தரைக்கு இறக்குவது பெரும்பாடு. அண்மையில் ஒரு சந்திப்பில் நண்பர் ஒருவர், சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்பவனே இவ்வுலகில் எஞ்சியிருக்கும் கடைசிச் சுதந்திர மனிதன் என்றார். இன்னொருவர் வெகுண்டெழுந்து, அது பணம் கொழுத்தவனின் விளையாட்டுச் சாமான், அதில் இலக்கியவாதிக்கு என்ன வேலை என்று கேட்டார். அரை மணி நேரத்தில் அவை இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. நாம் இரண்டிலும் சேரவில்லை. இரண்டு நண்பர்களும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள் என்பது நம் கருத்து. ஒருவர் விமானத்தை வானத்தில் மட்டும் பார்க்கிறார். மற்றவர் அதை விலைச்சீட்டில் மட்டும் பார்க்கிறார். அது தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிக்கும் கொட்டகையையும், அங்கே குனிந்து நிற்கும் மனிதரையும் இருவருமே பார்க்கவில்லை.

நமக்குச் சொந்த விமானம் கிடையாது. வாங்கும் வசதியும் கிடையாது. ஆயினும் விமானத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் பலகாலம் படித்தும் பாடம் சொல்லியும் வந்திருக்கிறோம். அந்த வாசிப்பில் நாமே செய்துவந்த ஒரு தவற்றை ஒப்புக்கொள்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தரையைப் பார்ப்போம். சொந்த விமானம் என்ற வழக்கம் ஆழ வேரூன்றிய நாடு அமெரிக்கா. அங்கே பிறந்த செஸ்னா 172 என்னும் நான்கு இருக்கை, ஒற்றை என்ஜின் விமானம் 1955இல் முதன்முதலாகப் பறந்தது. இதுவரை 44,000க்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது. உலகில் இத்தனை எண்ணிக்கையில் வேறெந்த விமானமும் கட்டப்பட்டதில்லை. 1986இல் அந்நிறுவனம் இவ்வகைச் சிறு விமானங்களைக் கட்டுவதையே நிறுத்திக்கொண்டது; விபத்து வழக்குகளின் இழப்பீட்டுச் சுமை தாங்க முடியவில்லை என்றது. 18 ஆண்டுக்கு மேல் பழையதான சிறு விமானத்துக்காகத் தயாரிப்பாளர்மீது வழக்குத் தொடுப்பதைப் பெரும்பாலும் தடுத்த சட்டம் 1994இல் வந்தது. அதன் பிறகே உற்பத்தி மீண்டும் தொடங்கியது. ஆகவே இன்று அங்கே பறக்கும் சிறு விமானங்களில் பல 1960களிலும் 1970களிலும் கட்டப்பட்டவை. செய்தவன் பொறுப்பிலிருந்து சட்டப்படி விலகிக்கொண்ட ஐம்பது, அறுபது வயதுப் பொருள் ஒன்று நான்கு உயிர்களைச் சுமந்துகொண்டு வானத்தில் நிற்கிறது. எதனால் நிற்கிறது? யாரோ ஒருவர் அதை விடாமல் பேணுவதனால்.

அந்த ‘யாரோ’ யார் என்பதில் அந்நாட்டுச் சட்டத்துக்குக் குழப்பமில்லை. எஃப்.ஏ.ஏ. என்று சுருக்கிச் சொல்லப்படும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் 91.403ஆம் விதி, விமானத்தைப் பறக்கத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் முதற்பொறுப்பை உடைமையாளர் மீதோ அதை இயக்குபவர் மீதோ சுமத்துகிறது. 12 மாதத்துக்கு ஒருமுறை ஆண்டுச் சோதனை நடந்தாக வேண்டும். அதற்கென்று தனி அதிகாரம் பெற்ற மெக்கானிக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து இல்லையேல், தனி அனுமதி பெறாமல் சக்கரம் தரையை விட்டு எழக்கூடாது. சுதந்திர மனிதனின் சுதந்திரம் இன்னொருவரின் பேனா முனையில் இருக்கிறது.

அந்தச் சோதனையில் நடப்பது என்ன? இருக்கைகளும் தரைப் பலகைகளும் கழற்றப்படுகின்றன. சுக்கானுக்கும் இறக்கை மடல்களுக்கும் ஓடும் கம்பிவடங்களில் ஓரிழையேனும் அறுந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கப்படுகிறது. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி எவ்வளவு கசிகிறது என்று அளக்கிறார்கள். கழற்றிய ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளேயிருக்கும் மடிப்புத் தாளை விரித்து, வெளிச்சத்தில் சாய்த்து, உலோகத் துகள் மினுக்குகிறதா என்று தேடுகிறார்கள். மினுக்கினால் என்ஜினுக்குள் ஏதோ ஒன்று தன்னையே தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். இதைவிட நுட்பமான வாசிப்பை நாம் எந்த வகுப்பறையிலும் கண்டதில்லை.

இன்னொன்றும் உண்டு, நண்பர்களின் கற்பனைக்கு முற்றிலும் மாறானது. சிறு விமானம் பறப்பதால் தேய்வது உண்மைதான். பறக்காமல் கிடந்தால் அதைவிட மோசமாகக் கெடும். செஸ்னா 172 உட்படப் பல சிறு விமானங்களில் பொருத்தப்படும் லைகமிங் என்ஜினில் கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே அமைந்திருக்கிறது. என்ஜின் ஓடும்போது தெறிக்கும் எண்ணெய்தான் அதை நனைக்கிறது. வாரக்கணக்கில் ஓடாமல் நின்றால் எண்ணெய் வழிந்துவிடும். ஈரக்காற்று துருவை ஏற்றும். அடுத்த முறை ஓடும்போது துருப்பிடித்த முகம் உரசி உதிரும். அதனால்தான் அந்நிறுவனம் பல மாதிரிகளுக்கு, 2,000 மணி ஓட்டத்துக்குப் பின் என்ஜினை முழுமையாகப் பிரித்துச் செப்பனிடச் சொல்வதோடு, ஓடியது எத்தனை குறைவாயினும் 12 ஆண்டு கடந்தால் அதைச் செய்யவேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. வாங்கிப் பூட்டி வைத்தவனுக்கு விமானம் சொந்தமில்லை. அது துருவுக்குச் சொந்தம். பணக்காரன் பொம்மை என்று சொன்ன நண்பர் இதைக் கவனிக்க வேண்டும். பணம் விமானத்தை வாங்கித் தரும்; அதைக் காப்பாற்றித் தரவேண்டியவை நேரமும் கைகளும்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். நம் வழக்கு அங்கேதான் இருக்கிறது.

அந்துவான் து செந்தெக்சுபெரி தம் சொந்த விமானமான கோத்ரோன் சிமூனில் பாரிசிலிருந்து சைகோனுக்குப் பறக்கும் சாதனை முயற்சியில் இறங்கி, 1935 டிசம்பர் 30 அன்று விடியுமுன் லிபியப் பாலைவனத்தில் மோதி விழுந்தார். அவர் தனியாக இல்லை. அவருடைய மெக்கானிக் ஆந்திரே பிரெவோ உடனிருந்தார். இருவரும் சேர்ந்தே தாகத்தில் நடந்தார்கள். கானல் நீரைக் கண்டார்கள். நாள்கள் கழிந்தபின் ஒரு பெதூயினால் காப்பாற்றப்பட்டார்கள். 1938 பிப்ரவரியில் அவருடைய இன்னொரு சிமூன், எரிபொருள் அளவு மீறி ஏற்றப்பட்ட நிலையில், குவாத்தமாலாவில் எழும்பும்போதே நொறுங்கியது. அப்போதும் உடனிருந்து காயமுற்றவர் பிரெவோ.

1943இல் வெளிவந்தது, தமிழில் ‘குட்டி இளவரசன்’ என்று நாம் அனைவரும் அறிந்த நூல். அங்கேயும் பாலைவனம் இருக்கிறது, பழுதான விமானம் இருக்கிறது, விமானி இருக்கிறார். மெக்கானிக் இல்லை. தம்முடன் மெக்கானிக்கும் இல்லை, பயணிகளும் இல்லை என்று கதைசொல்லியே தெளிவாகச் சொல்லிவிடுகிறார். பழுதைத் தனியாகச் சரிசெய்யப் புகுகிறார். உலகமே படிக்கும் அந்தப் பிரதியில் பிரெவோ ஒரே வாக்கியத்தில் இல்லாமல் ஆக்கப்பட்டார்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1939இல் வெளிவந்த தம் நினைவு நூலில் செந்தெக்சுபெரி பிரெவோவை மறைக்கவில்லை. பாலைவன அத்தியாயம் முழுவதிலும் அவர் வருகிறார். கதைக்குத் தனிமை தேவைப்பட்டது, ஆசிரியர் அதை உண்டாக்கிக்கொண்டார். அந்த உரிமையை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது வாசகராகிய நம்மைப் பற்றி. அந்நூலிலிருந்து எதை நாம் எடுத்துக்கொண்டோம்? நரி சொல்லும் அறிவுரையை எடுத்து வாழ்த்து அட்டைகளில் அச்சிட்டோம். ஆனால் இளவரசன் தன் சிறு கோளில் தவறாமல் செய்யும் வேலை என்ன? எரிமலைகளைத் தூர் எடுக்கிறான்; அணைந்துபோன எரிமலையையும் விடுவதில்லை. பாவோபாப் முளைகளை வேர் பிடிக்குமுன் பிடுங்குகிறான். கவனிக்காமல் விட்டால் கோள் பிளந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். இது ஆண்டுச் சோதனை செய்யும் மெக்கானிக்கின் மனம். உடைமை என்றால் பேணுதல் என்பதை இவ்வளவு எளிமையாகச் சொன்ன நூல் வேறு உண்டா என்று நாம் அறியோம். அதையே வகுப்பில் பலமுறை விளக்கியும் அந்தத் துடைப்பத்தை நாம் கவனிக்கவில்லை. ரோஜாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். தவறு நம்முடையது.

இரண்டாவது சாட்சி சார்லஸ் லிண்ட்பர்க். 1927 மே மாதம் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்கு 33 மணி நேரத்துக்கும் மேல் தனியொருவராகப் பறந்தவர். அதே ஆண்டில் அவர் எழுதிய நூலின் தலைப்பு ‘வீ’. தமிழில் தன்மைப் பன்மை. தனியாகப் பறந்தவர் யாரைச் சேர்த்துக்கொண்டு பன்மையில் பேசுகிறார்? தானும் தன் விமானமும் என்றே உலகம் பொருள் கொண்டது. தானும் தமக்குப் பணம் தந்த செயின்ட் லூயிஸ் நகரத்தாரும் என்றே தாம் கருதியதாக லிண்ட்பர்க் விளக்கினார். இரண்டு பொருளில் எதை எடுத்தாலும், சான்டியாகோவில் ரயன் நிறுவனத்தின் பட்டறையில் இரண்டே மாதத்தில் அந்த விமானத்தைக் கட்டிய தொழிலாளருக்கு அதில் இடமில்லை.

ஆங்கிலத்தில் இந்தக் கேள்வியை மழுப்பிவிடலாம், தமிழில் முடியாது. கேட்பவரை உளப்படுத்தும் ‘நாம்’ வேறு, அவரை வெளியே நிறுத்தும் ‘நாங்கள்’ வேறு. உளப்பாட்டுத் தன்மை என்று நம் இலக்கணம் இதற்குப் பெயரிட்டு, யார் உள்ளே, யார் வெளியே என்று விகுதி வகுத்து விதி செய்திருக்கிறது. இந்த இலக்கணத்தில் வளர்ந்த நாம் லிண்ட்பர்க்கின் தலைப்பை மொழிபெயர்க்க நேர்ந்தால், ‘நாங்கள்’ என்றே எழுத வேண்டியிருக்கும்.

ஒரு செய்தியைக் கூறி இதை முடிப்போம். அந்த விமானத்தின் புரொப்பல்லருக்கு முன்னால் கூம்பாக ஒரு மூடி உண்டு. அதன் உட்புறத்தில், வெளியே யாருக்கும் தெரியாத இடத்தில், விமானத்தை வடிவமைத்துக் கட்டிய ரயன் ஊழியர்களின் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. லிண்ட்பர்க் சான்டியாகோவிலிருந்து நியூயார்க் வந்து இறங்கியபோது அந்த மூடியில் வெடிப்பு காணப்பட்டது. அவசரமாகப் புதிய மூடி செய்து பொருத்தினார்கள். பழையது இன்று வாஷிங்டனிலுள்ள தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பெயர்கள் அட்லாண்டிக்கைக் கடக்கவில்லை. வெடிப்பைக் கண்டு மூடியை மாற்றியது சரியான பராமரிப்பு, அதில் குற்றமில்லை. பெயர்களை எழுத மூடியின் உட்புறத்தைத் தவிர வேறு இடமே அமையவில்லையே, அதுதான் நம் மனத்தை உறுத்துகிறது.

மூன்றாவது சாட்சி இன்னும் பழையவர். 1903இல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தின் என்ஜினை ஏறத்தாழ ஆறே வாரத்தில் உருவாக்கியவர், அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலை செய்த சார்லஸ் டெய்லர். விமான மெக்கானிக்குகளில் முதல்வர் என்று அவரைத்தான் சொல்ல வேண்டும். முதுமையில் வறுமையுற்று, லாஸ் ஏஞ்சலிஸில் தரும மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். 1955இல் அது வெளியே தெரிந்த பிறகே விமானத் துறையினர் பணம் திரட்டி அவரை வேறிடத்துக்கு மாற்றினார்கள். மறு ஆண்டு அவர் இறந்தார். இன்று அவர் பெயரில் எஃப்.ஏ.ஏ. விருது தருகிறது, ஐம்பது ஆண்டு பணியாற்றிய மெக்கானிக்குகளுக்கு. நல்லதுதான். ஆனால் ரைட் என்ற பெயர் தெரியாத பள்ளிச் சிறுவன் இல்லை. டெய்லர் என்ற பெயர் தெரிந்த தமிழாசிரியர் எத்தனை பேர்?

நண்பர்கள் மறுப்பார்கள் என்பது தெரியும். பறப்பவனும் பேணுபவனும் வேறு வேறு பிறவி. ஒருவன் கவிஞன், மற்றவன் கூலிக்கு வேலை செய்பவன். இலக்கியம் கவிஞனைத்தானே பாடும் என்பார்கள். உலகில் எவரும் இன்றுவரை மிஞ்சாத நெடும் பறத்தலை அவர்களுக்கு விடையாகத் தருகிறோம். 1958 டிசம்பர் 4 அன்று லாஸ் வேகாசில் செஸ்னா 172 ஒன்று எழும்பியது. ஒரு சூதாட்ட விடுதியின் விளம்பரத்துக்காக எழும்பியது என்பதையும் மறைக்கவில்லை. 1959 பிப்ரவரி 7 அன்று இறங்கியது. இடையே 64 நாள், 22 மணி, 19 நிமிடம் அது தரையில் நிற்கவில்லை. நெடுஞ்சாலையில் ஓடும் லாரியின் மேலே தாழப் பறந்து குழாயில் எரிபொருள் ஏற்றிக்கொண்டது. பறந்துகொண்டே ஆயில் மாற்றினார்கள். மின்னாக்கி செயலிழந்த பிறகு எரிபொருளைக் கையால் அடித்து ஏற்றினார்கள். உள்ளிருந்த இருவர் யார்? ராபர்ட் டிம், அந்த விடுதியில் சூதாட்ட இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். ஜான் குக், விமான மெக்கானிக். பழுது பார்க்கும் இருவர்தான் வானத்தில் அதிக நாள் தங்கினார்கள். அந்த விமானம் இன்றும் லாஸ் வேகாஸ் விமான நிலையத்தில் தொங்குகிறது.

அடுத்த மறுப்பு: ஸ்பேனரும் போல்ட்டும் சிறு விவரங்கள், பெரிய உண்மைகள் வேறு. இதற்கு விடை ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் இருக்கிறது. 2018 ஏப்ரலில் அங்கே பைப்பர் வகைப் பயிற்சி விமானம் ஒன்றின் இடது இறக்கை நடுவானில் பிய்ந்துபோயிற்று. உள்ளிருந்த இருவரும் மாண்டனர். விமானம் 2007இல் கட்டப்பட்டது; கிழடு அல்ல. இறக்கையைத் தாங்கும் உத்தரத்தில் ஒரு போல்ட் துளையை ஒட்டி, உலோகச் சோர்வால் உண்டான வெடிப்பு வளர்ந்திருந்தது. வெறுங்கண்ணுக்குத் தெரியும் இடமும் அல்ல. அதன் பிறகு, 2021இல் நடைமுறைக்கு வந்த ஆணை ஒன்று, குறிப்பிட்ட அளவுக்கு உழைத்த அவ்வகை விமானங்களின் போல்ட்டுகளைக் கழற்றி, துளைகளை மின்னோட்டச் சோதனைக்கு உட்படுத்தச் சொன்னது. சிறு விவரம் எது, பெரிய உண்மை எது என்று அந்தத் துளைக்கு அருகில் நின்று சொல்லட்டும்.

‘நாம்’ என்ற சொல்லின் வட்டம் மெக்கானிக்கோடும் முடிவதில்லை. பழைய ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றும் மெக்கானிக், அடிப்புற பிளக்குகளில் சிறு மணிகளாக உறைந்திருக்கும் காரீயத்தைக் குத்தி எடுக்க நேர்கிறது. அமெரிக்காவில் 1996 முதல் சாலை வண்டிகளுக்குக் காரீய பெட்ரோல் விற்பது தடைசெய்யப்பட்டது. சிறு விமானங்களுக்கு அது தொடர்ந்தது. பிளக்கில் உறைவது சிறிது. மற்றதெல்லாம் ஓடுபாதையைச் சுற்றியுள்ள காற்றில் கலக்கிறது. கலிபோர்னியாவில் ரீட் ஹில்வியூ என்ற சிறு விமானத்தளத்தின் அருகே வாழும் குழந்தைகளின் இரத்தத்தில் காரீய அளவு கூடியிருப்பதை ஓர் ஆய்வு காட்டியபின், சாந்தா கிளாரா மாவட்டம் 2022 தொடக்கத்தில் தன் தளங்களில் அந்த எரிபொருள் விற்பனையை நிறுத்தியது. 2023 அக்டோபரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, இந்தப் புகை பொதுமக்கள் நலத்துக்கு ஊறு என்று முறையாக அறிவித்தது. 2024இல் வந்த சட்டமோ, தகுந்த மாற்று எரிபொருள் கிடைக்காதவரை 2030 இறுதி மட்டும் பழைய எரிபொருள் கிடைத்தாக வேண்டும் என்கிறது. மாற்று தயாராகாமல் விற்பனையை நிறுத்தினால், தவறான எரிபொருளை நிரப்பி என்ஜின் வானத்தில் நிற்கும் ஆபத்து உண்டு என்ற விமானிகளின் அச்சமும் பொய்யல்ல. ஆனால் வேலிக்கு வெளியே விளையாடும் பிள்ளை எந்த விமானத்தையும் வாங்கவில்லை, எவ்வானத்தையும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையை விலக்கிவிட்டு ‘எங்கள் சுதந்திரம்’ என்று பேசுபவர் எவராயினும், அவர் பேசுவது நாங்கள் என்ற சிறு வட்டத்துக்குள் நின்றுகொண்டுதான்.

எனவே நாம் வேண்டுவது இதுதான். விமானத்தைப் பாட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, தாராளமாகப் பாடுங்கள். ஆனால் ஒருமுறையேனும் அதன் பதிவேட்டைப் படித்துவிட்டுப் பாடுங்கள். பறக்கும் உரிமம் பெற்ற உடைமையாளர் தானே செய்துகொள்ளலாம் என்று சட்டம் விட்டுவைத்த சில வேலைகள் உண்டு. டயர் மாற்றுவது, ஆயில் மாற்றுவது, பிளக்கைத் துடைப்பது போன்றவை. அவற்றைச் செய்தாலும் என்ன செய்தேன், எந்நாள் செய்தேன் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அறுபது ஆண்டு பழைய விமானமென்றால் அறுபது ஆண்டுக் கையெழுத்துகள் அதில் வரிசையாக நிற்கும். உடைமையாளர்கள் மாறியிருப்பார்கள், சிலர் இறந்திருப்பார்கள். பதிவேடு தொலைந்தால் விமானத்தின் விலையே சரிந்துவிடும். பறந்த தூரத்தைவிடப் பேணிய வரலாறே அதன் மதிப்பு.

இது நமக்குப் புரியாத பேச்சா? ஓலைச்சுவடியின் ஆயுள் சில நூறு ஆண்டு. அது சிதையுமுன் எவரோ ஒருவர் புதிய ஓலையில் பெயர்த்து எழுதாமல் போயிருந்தால் நாம் பாடம் சொல்லும் பழம்பாடல் ஒன்றுகூட எஞ்சியிருக்காது. பாடியவர் பெயரை மனப்பாடம் செய்கிறோம். பெயர்த்து எழுதிய கைகளின் பெயர்களில் பெரும்பாலானவை நம்மிடம் இல்லை. அந்தக் கைகளுக்குக் கடன்பட்ட மொழியில் எழுதுகிற நாம், கொட்டகையில் ஃபில்டர் தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும் மனிதரைக் காணாமல் மேலே பார்த்துக்கொண்டிருப்பது நியாயம் அல்ல. நம் நண்பர்கள் அடுத்த முறை சொந்த விமானத்தைப் பற்றி வாதிடும்போது, அவரையும் நாம் என்று சொல்லட்டும்.